பாட்டுக்குள் விழுந்த ‘ஓமோம்’

என்னுடைய குரல் ஒரு பாட்டில் இருக்கிறது. கல்யாண வீடியோவுக்குப் பின்னால் ஓடுகிற பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் பாரிஸில் எந்த வானொலியைத் திறந்தாலும் அதுதான் வந்தது. நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் முதல் பாட்டு, அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு. அதில் மூன்று இடங்களில், அவள் மூச்சு விடுகிற இடைவெளியில், பின்னால் ஓர் ஆண் குரல் ‘ஓமோம்’ என்கிறது. அது நான்.

இதை லாசப்பலில், பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கிற பகுதியில், சொல்லி நான் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. தொலைபேசி அட்டை விற்கிற கடையில் அந்தப் பாட்டு போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “அண்ணை, இந்தப் பாட்டிலை பின்னாலை வாறது என்ரை குரல்.” கடைக்கார அண்ணை சில்லறை தேடிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஓமோம்” என்றார். எங்கள் ஊர்க்காரருக்கு அந்த ஒரு சொல்லின் நெளிவு சுளிவு தெரியும். ‘ஓம்’ என்றால் ஆம். அதையே இரண்டாக்கி ‘ஓமோம்’ என்று இழுத்தால், ஆளைப் பொறுத்து, ‘நீ சொன்னாச் சரிதான், இப்ப இடத்தைக் காலிபண்ணு’ என்பதுவரைக்கும் போகும். அதற்குப் பிறகு நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். எழுத்தில் யாரும் முகத்துக்கு நேரே ‘ஓமோம்’ சொல்ல முடியாது.

நான் பாரிஸுக்கு வந்தது 2009 கடைசியில். எப்படி வந்தேன் என்பதை அகதி விண்ணப்பத்தில் பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களே நம்பவில்லை, உங்களை ஏன் சிரமப்படுத்த வேண்டும். அம்மா அப்போது முகாமில் இருந்தார். பிறகு கிளிநொச்சிப் பக்கம், எங்கள் காணியிலேயே, தகரக் கொட்டிலுக்குத் திரும்பினார். அப்பா எப்போதோ போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. ஆக, உலகத்தில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் ஒரு தொலைபேசி அட்டை.

லாசப்பல் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே எனக்கு ஓர் அறை கிடைத்தது. முந்திய காலத்தில் வேலைக்காரப் பெண்கள் படுத்த அறைகள். லிஃப்ட் கிடையாது. ஐந்து அறைகளுக்கு ஒரு கழிப்பறை, நடையின் கடைசியில் ஒரு தண்ணீர்க் குழாய். குளிக்க வேண்டுமென்றால் வாளியில் தண்ணீர் பிடித்து அறைக்குக் கொண்டுபோய் மூலையில் நின்று ஊற்றிக்கொள்ள வேண்டும். சுவர் என்று அதைச் சொல்வது மரியாதைக்காகத்தான். பக்கத்து அறைக்காரி தும்மினால் நான் போர்வையை இழுத்து மூடுவேன்.

வேலை ஓர் இத்தாலி உணவகத்தில், கோப்பை கழுவுவது. இத்தாலியர் ஒருவரும் இல்லாத இத்தாலி உணவகம். முதலாளி துனீசியா, பிட்சா போடுகிறவர் எகிப்து, கோப்பை நான். மதியச் சாப்பாடு முடிந்ததும் பின்னேரம் ஆறு மணிவரை இடைவேளை. அதற்குக் ‘கூப்யூர்’ என்று பெயர். வெட்டு என்று அர்த்தம். நல்ல பெயர்தான், நாளை நடுவால் வெட்டிப்போடும். மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், மனைவி பிள்ளையோடு தேநீர் குடிப்பார்கள். நான் அறைக்கு வந்து ஆறு மாடி ஏறி, களைத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்ப்பேன்.

தனிமை என்று கவிதைகளில் எழுதுகிறார்களே, அதில் ஒரு அழகு இருக்கும். எனக்கு வாய்த்ததில் அழகு ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாள் ஒரு மனிதரிடமும் முழு வசனம் பேசாமல் இருந்தால் வாய்க்குள் ஒரு புளிப்பு வரும். கடைக்குப் போய்த் தேவையில்லாமல் ‘அண்ணை, கறிவேப்பிலை எப்ப வரும்’ என்று கேட்பேன். கறிவேப்பிலை கண் முன்னால் இருக்கும்.

பேச என்று இருந்தது அம்மா மட்டும். கிழமையில் இரண்டு நாள் கூப்யூர் நேரத்தில் எடுப்பேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அட்டையைச் சுரண்டி, இலக்கங்களை அழுத்தினால், ஒரு பெண் குரல் உங்களுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லும். இருபதாவது நிமிடம் வெட்டுப்படும். அறைக்குள் சிக்னல் நிற்காது. நடையில் ஒரு சின்ன ஜன்னல், அதில் தலையை வெளியே நீட்டினால்தான் தெளிவாகக் கேட்கும். அந்த ஜன்னல் பக்கத்து அறைக்காரியின் கதவுக்கு நேர் எதிரே இருந்தது. அட்டையில் பேசுகிறவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். நானும் கத்தினேன். பேச்சு என்று என்ன பெரிய பேச்சு? அம்மா கேட்பார், நான் ஓம் சொல்வேன்.

“சாப்பிட்டியோ?”

“ஓமோம்.”

“குளிருக்கு உடுப்புப் போடுறியோ?”

“ஓமோம்.”

“ஆராவது கூட இருக்கினமோ?”

“ஓமோம், ஓமோம்.”

இதை எதிர்க் கதவுக்குள்ளிருந்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

அவள் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருக்கலாம். காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை, பாரிஸுக்கு வெளியே சென் தெனியில். பின்னேரங்களில் பாட்டு. ஒரு பழைய கணினியும், காலுறை போட்ட ஒரு மைக்கும் வைத்திருந்தாள். சுவரெல்லாம் போர்வை. நைஜீரியாவில், இபாடான் நகரத்தில் அவளுடைய மாமா ஒருவர் ஹைலைஃப் குழுவில் கிட்டார் வாசித்தவராம். ஹைலைஃப் என்பது அவர்கள் ஊரில் தாய் தகப்பன் காலத்து நடனக்கூட இசை. கிட்டார் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும், ஆனால் அலுக்காது. கையில் வேலையோடு நடமாடிக்கொண்டே ஒருவர் சிரிப்பதுபோல் இருக்கும். மாமா அங்கிருந்து வாசித்து அனுப்பிய கிட்டாரை எடுத்து, அதன் கீழே இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆடுகிற மாதிரி டம் டம் என்று கணினித் தாளம் போட்டு, மேலே யோரூபா மொழியில் பாடுவாள். இதெல்லாம் அவள் பின்னால் சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஒரே வரியை ஆறு மாதமாகப் பாடிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான். ‘ஓமோ மி, வா.’ எனக்கு அது ‘ஓமாமே, வா’ என்று கேட்கும். சிலநாள் கோபம் வரும், சுவரில் தட்டலாமா என்று நினைப்பேன். அவள் பாடாத நாளில் என்னமோ குறைந்தமாதிரி இருக்கும், காதைச் சுவரோடு வைத்துப் பார்ப்பேன்.

முதல் தடவை நேராகப் பேசியது தண்ணீர்க் குழாயடியில். நான் வாளியோடு நின்றேன். அவள் என்னைப் பார்த்து மிகவும் மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல், “ஓமோ?” என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத் தமிழில் ‘ஓமோ’ என்றால் ‘அப்படியா, உண்மைதானா’ என்று கேட்பது. இவளுக்கு எங்கடை தமிழ் தெரிகிறதே என்று எனக்கு வியப்பு. என்ன கேட்கிறாள் என்று விளங்கவில்லை, ஆனாலும் மரியாதைக்கு “ஓம்” என்றேன்.

அவள் நெஞ்சில் கையை வைத்தாள். பிறகு குனிந்து, உள்ளங்கையைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பிடித்துக் காட்டினாள். கேள்விக்குறியோடு பார்த்தாள். வாளி இவ்வளவு பெரிதா என்று கேட்கிறாள் போலும் என நினைத்து, இல்லை, இதைவிடப் பெரிது என்று நான் இடுப்பளவு காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு வாளிக்காக இவள் ஏன் அழுகிறாள் என்று நான் யோசித்தபடி அறைக்குத் திரும்பினேன்.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒருநாள் என் கதவடியில் ஒரு பெட்டி இருக்கும். தக்காளியும் மிளகாயும் போட்டுச் சிவக்கச் சமைத்த சோறு. உறைப்பு எங்கள் உறைப்புக்குக் குறையாது. நான் பெட்டியைக் கழுவி அதற்குள் இரண்டு உளுந்து வடையோ றோல்ஸோ வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். நடையில் கண்டால் “ஓமோ?” என்பாள். “ஓம்” என்பேன். தலையசைத்துவிட்டுப் போவாள். பாரிஸில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் அந்த அளவுதான். அது போதும் என்றுகூட இருந்தது.

2012ஆம் ஆண்டு கோடையில் என் அகதிக் கேஸுக்கு முடிவு வந்தது. இரண்டாவது தடவையும் நிராகரிப்பு. தடித்த கடிதம். லாசப்பலில் மொழிபெயர்ப்புச் செய்கிற ஒருவரிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். “மிச்சம் வாசிக்கத் தேவையில்லை, தம்பி,” என்றார்.

அந்தக் கிழமையே அம்மாவிடம் பேச வேண்டியிருந்தது. கடும் வெயில். எங்கள் மாடியில் எல்லாக் கதவும் திறந்திருந்தன, ஜன்னலுக்கு எதிர்க் கதவும். நான் ஜன்னலில் தலையை நீட்டினேன். அம்மாவின் குரலில் அன்று ஒரு புதிய சுறுசுறுப்பு. பக்கத்துக் காணிக்காரரின் மகனுக்குப் பாரிஸில் கார்ட், அதாவது வதிவிட அனுமதி, கிடைத்துவிட்டதாம். எல்லாருக்கும் இப்போது கொடுக்கிறார்களாம்.

“உனக்கும் கார்ட் கிடைச்சிட்டுதோ?”

“ஓமோம்,” என்றேன்.

ஏன் சொன்னேன்? பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாக நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் புளுகு. அந்தக் கேள்வி என்னை விட்டால் போதும் என்றுதான் சொன்னேன். லாசப்பலில் ஆளை ஆள் கண்டால் சுகமா என்று கேட்பதில்லை, கார்ட் கிடைச்சிட்டுதோ என்றுதான் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புண்ணாகியிருந்தது. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

“பத்து வருஷக் கார்ட்டோ?”

“ஓமோம்.”

“அப்ப திருச்சிக்கு வரலாமெல்லோ? நான் பாஸ்போட் எடுத்து வாறன். என்ரை பிள்ளை, ஒருக்கா வா. வருவியோ?”

இலங்கைக்குத் திரும்ப முடியாத பிள்ளைகளும் அங்கிருந்து புறப்படுகிற தாய் தகப்பனும் சந்திப்பதற்குத் திருச்சிதான் இடம். அங்கே கருமண்டபத்தில் வாடகை அறைகளில் அப்படி எத்தனையோ பேர் காத்திருந்து பார்த்துப் பிரிந்திருக்கிறார்கள். ஆனால் கார்ட் இல்லாதவன் பாரிஸ் விமான நிலையத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

“ஓமோம்,” என்றேன். அட்டை வெட்டுப்பட்டது. அடுத்த கிழமை எடுத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை எடுத்தபோது அம்மா பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவிட்டு வந்திருந்தார். படத்தில் சிரித்ததற்காக ஸ்டூடியோக்காரன் ஏசி, மறுபடி எடுத்தானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் எப்படிச் சொல்வது?

அந்த நாட்களில்தான் பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டினாள். என் காதில் அவளே ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். கிட்டார் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் குரல். ‘ஓமோ மி, வா.’ ஓர் இடைவெளி. அதில், தூரத்திலிருந்து வருவதுபோல், ஒருவன் ‘ஓமோம்’ என்றான். மறுபடி அவள். மறுபடி அவன். மூன்றாம் தடவை அவன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அது அழுகையில்லை, வெயிலில் தொண்டை வறண்டதுதான். ஆனால் கேட்கிறவர்களுக்கு அப்படித் தெரியாது.

அம்மாவுக்கு நான் பொய் சொன்ன அன்றைக்குக் கதவைத் திறந்துவைத்துப் பாடிப் பதிந்திருக்கிறாள். நான் ஜன்னலில் நின்று கத்தியது மைக்கில் விழுந்திருக்கிறது. அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் முட்டி மோதி, அவள் சொன்னது இவ்வளவு விளங்கியது. இதை அழித்துப் பார்த்தேன், அழித்தால் பாட்டு செத்துப்போகிறது, ஸ்டூடியோவில் பெரிய மைக்கில் வேறு ஆளை வைத்துச் சொல்லவைத்தும் பார்த்தோம், சரிவரவில்லை, உன் குரல் இருக்கட்டுமா?

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்த மூன்று பொய் அது. ஆனால் யாரோ ஒருத்தி என் கதவைத் தட்டி, என்னிடமிருந்து ஒன்று வேண்டும் என்று கேட்டு எத்தனை காலம்! “ஓகே,” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “ஓமோ,” என்றாள். “ஓம், ஓம்,” என்றேன்.

பாட்டு முதலில் இணையத்தில் ஏறியது. பிறகு பார்பெஸ் பக்கத்துத் தொலைபேசிக் கடைகளில் கேட்டது. ஆப்பிரிக்கப் பெண்கள் தலைமுடி பின்னுகிற கடைகளில் நாள் முழுக்க ஓடியது. மாரிக்குளிர் முடிவதற்குள் வானொலிக்கு வந்துவிட்டது. எங்கள் உணவகத்தில் எகிப்துக்காரர் மாவைத் தட்டிக்கொண்டே அதற்குத் தோளை ஆட்டினார். ‘ஓமோம்’ வருகிற இடத்தில் அவரும் சேர்ந்து ‘ஓமோம்’ என்று கத்துவார். நான் கோப்பைகளோடு கோப்பையாக நிற்பேன்.

அதே நேரம் அம்மா திருச்சிக்கு வந்துவிட்டார்.

ஊர்ப் பெண்கள் இரண்டு பேரோடு வந்து கருமண்டபத்தில் ஒரு மாடி அறையில் தங்கினார். மூன்று மாத விசா. கூட வந்தவர்களுக்குச் சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து, ஆட்டிறைச்சி சமைத்துச் சாப்பிட்டு, கோயில்களுக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் முதலில் லீவு கிடைக்கவில்லை என்றேன். பிறகு முதலாளிக்குச் சுகமில்லை என்றேன். பாவம், அந்த மனிதர் எருமைமாடு மாதிரி இருந்தார். பிறகு டிக்கெட் இல்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா, “சரி, அடுத்த கிழமை பாப்பம்,” என்றார். ஒருநாளும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் உண்மை வெளியே வந்திருக்கும்.

விசா முடிய ஒரு கிழமை இருக்கையில், பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் ஒரு சாமத்தியவீட்டுக்கு, பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற விழாவுக்கு, போனேன். பெரிய மண்டபம். சாப்பாட்டுக்குப் பிறகு டிஜே அந்தப் பாட்டைப் போட்டார். மண்டபம் எழும்பி நின்றுவிட்டது. பட்டுச் சேலையோடு, வேட்டியோடு, சப்பாத்தோடு எல்லோரும். பெண் குரல் ‘ஓமோ மி, வா’ என்கிறது, இருநூறு யாழ்ப்பாணத்தார் ஒரே வாயில் ‘ஓமோம்’ என்கிறார்கள். எங்களுக்கென்றே செய்த பாட்டுப் போல. என் பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன், “இவையும் எங்கடை ஓமோம் சொல்லினம் பார்,” என்று மகளிடம் சொன்னார். மகள் இங்கே பிறந்த பிள்ளை. “நோ பப்பா, சே யோரூபா,” அது யோரூபா என்று பிரெஞ்சில் திருத்தினாள். பிறகு போனில் தேடிப்பார்த்து, “ஓமோ எண்டாப் பிள்ளை எண்டு அர்த்தமாம்,” என்று தமிழிலும் சொல்லிவைத்தாள். தகப்பன், “அப்பிடியோ,” என்று ஆடப் போனார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது, குழாயடி, முழங்கால், இடுப்பு, சிவந்த சோறு எல்லாம். இடுப்பளவு உயரத்தில், ஆறு வயதுப் பிள்ளை ஒன்றை ஊரில் விட்டுவிட்டு வந்தவன் என்று அவள் என்னை நினைத்திருக்கிறாள். ‘பிள்ளை, பிள்ளை’ என்று நான் ஜன்னலில் நின்று கதறியதாக நினைத்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பகிர எனக்கு அந்த இருநூறு பேரில் ஒருவரும் இல்லை. வெளியே போய்க் கார்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். அங்கேயும் ‘ஓமோம்’ கேட்டது.

அடுத்த கிழமை அம்மா இலங்கைக்குத் திரும்பினார். விமான நிலையத்திலிருந்து எடுத்து, “உனக்கெண்டு கொண்டந்த பனங்கட்டியைக் கீழ்வீட்டுக்காரிக்குக் குடுத்திட்டன், வைச்சாப் பழுதாப்போம்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பக்கத்து அறைக்காரிக்கும் அந்த வசந்தத்தில் பயணம். லண்டனில் ஓர் இசைக் கம்பெனி. பெட்டி கட்டிவிட்டு என் கதவுக்கு வந்தாள். கையில் ஒரு சிறு பெட்டி. திறந்தால் மஞ்சள் சப்பாத்து, ஆறேழு வயதுக் குழந்தைக்கு அளவானது. “ஓமோவுக்கு,” என்றாள்.

ஒரு பொய் எனக்குத் திருச்சியில் என்ன செய்தது என்று பார்த்திருந்தேன். இன்னொன்றைப் பெட்டியோடு வாங்கிவைக்கத் தெம்பில்லை. பிள்ளை இல்லை என்றேன். கல்யாணமே இல்லை என்றேன். எங்கள் மொழியில் ஓம் என்றால் ‘யெஸ்’, ஓமோம் என்றால் ‘யெஸ் யெஸ்’. அவள், அன்று நான் காட்டியதுபோல், இடுப்பளவு உயரத்தில் கையைப் பிடித்துக் காட்டினாள். அப்போ வாளியா, என்று கேட்டாள். ஓம், வாளி. படிக்கட்டில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கட்டடத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கு அப்படி யெஸ் யெஸ் என்று சொன்னாய் என்று கேட்டாள்.

அம்மாவுக்கு.

அம்மா என்ன கேட்டார்?

‘வா’ என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொல்ல வராமல், கையால் சைகை காட்டி, தமிழிலேயே சொன்னேன். வா.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். எங்கள் மொழியிலும் அதுதான், என்றாள். வா என்றால் வா. ‘ஓமோ மி, வா’ என்றால் ‘என் பிள்ளையே, வா.’ என்னுடைய அம்மா கூப்பிடுவதாகத்தான் நான் அந்தப் பாட்டை எழுதினேன்.

கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள். அவள் எழுந்து, சப்பாத்துப் பெட்டியை என் மேசையில் வைத்து, அப்போ நீதான் ஓமோ, என்றாள். போய்விட்டாள். நல்ல மனுஷி. இரண்டு முறை லண்டனிலிருந்து செய்தி அனுப்பினாள். பிறகு பெரிய ஆளாகிவிட்டாள். குறையொன்றும் இல்லை, நான்தான் இரண்டாவது செய்திக்குப் பதில் எழுதவில்லை. அவளுடைய அறைக்கு ஒரு செனகல்காரர் வந்தார். அவருக்குப் பாட்டு இல்லை, இருமல் இருந்தது.

கேஸை மறுபடி திறந்து போட்டேன். 2015இல் கார்ட் கிடைத்தது. அடுத்த வருடம் அம்மா மறுபடி திருச்சிக்கு வந்தார், இந்தத் தடவை நானும் போனேன். ஏழு வருடத்துக்குப் பிறகு பார்த்தேன். குள்ளமாகிவிட்டார். என்னைப் பார்த்து, “வயிறு வைச்சிட்டுது,” என்றார். மூன்று கிழமை இருந்தேன். பேசுவதற்கு அவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. தொலைபேசியில் பேசிப் பழகியவர்கள் நேரில் இருந்தால் ஆளையாள் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு மத்தியானம், அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு ஒன்றுமில்லாமல் என் போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். சொல்ல வேண்டும் என்று போடவில்லை. அம்மா கிட்டாரைக் கேட்டுக் கொஞ்சம் தலையாட்டினார். முதல் ‘ஓமோம்’ வந்தது. அம்மாவின் கையில் கத்தி நின்றது.

“இது உன்ரை குரலெல்லோ,” என்றார்.

பாரிஸில் ஒருவரும் நம்பாததை ஒரு வெங்காயத்துக்கும் அடுத்த வெங்காயத்துக்கும் இடையில் கண்டுபிடித்துவிட்டார்.

“ஓம்.”

மூன்றாவது ‘ஓமோம்’ முடியும்வரை கேட்டார். “கார்ட் கிடைச்சிட்டுது எண்டு சொன்ன நாள்,” என்றார். “திருச்சிக்கு வாறன் எண்டனி.”

“அம்மா, அண்டைக்கு எனக்குக் கார்ட் கிடைக்கேல்லை. பொய் சொன்னனான்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“அண்டைக்கே தெரியும். உண்மையெண்டா நீ ஒருக்காத்தான் ஓம் எண்டுவாய். ரெண்டு ஓம் சொன்னாப் பொய். வீட்டுப்பாடம் செய்திட்டியோ எண்டு கேட்ட காலத்திலையிருந்து அப்பிடித்தான்.”

சாப்பிட்டியோ, ஓமோம். குளிருக்கு உடுப்புப் போடுறியோ, ஓமோம். ஆராவது கூட இருக்கினமோ, ஓமோம், ஓமோம். இத்தனை வருடமும் நான் சொன்ன ஒவ்வொன்றும் அங்கே பொய்யாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் தனியே இருந்தது அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

“தெரிஞ்சுகொண்டு ஏன் வந்தனீங்கள்? மூண்டு மாசம் இஞ்சை ஏன் இருந்தனீங்கள்?” கேட்கும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

அம்மா கத்தியால் வெங்காயத் தோலை ஒதுக்கினார். “பொய்யெண்டாலும், வருவியோ எண்டு கேக்க, ஓம் எண்டுதானே சொன்னனி,” என்றார். “அதுக்குத்தான் வந்தனான்.”

நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போனேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டாரின் சட்டைகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன். அம்மா மேலே வரவில்லை. சோறு ஆறுகிறது என்று கீழிருந்து கூப்பிட்டார்.

இப்போது நான் பாரிஸுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில் இருக்கிறேன். லிஃப்ட் இருக்கிற கட்டடம், சொந்தக் குளியலறை. கல்யாணம் சரிவரவில்லை. மஞ்சள் சப்பாத்து அலுமாரிக்கு மேலே பெட்டியோடு இருக்கிறது. பாட்டு எப்போதாவது ரயிலில் யாருடைய காதிலிருந்தோ கசிந்து வரும், நான் அடுத்த பெட்டிக்கு மாறிவிடுவேன். தொலைபேசி அட்டைகள் போய், அம்மா போனில் முகம் பார்த்துப் பேசுகிறார். பாதி நேரம் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும்.

போன ஞாயிறும் எடுத்தார்.

“சாப்பிட்டியோ?”

முந்தின நாளிலிருந்து ஒன்றும் சமைக்கவில்லை, சாப்பிடவில்லை.

“ஓம்,” என்றேன், ஒருதரம் மட்டும்.

நெற்றி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது.

“இப்ப நல்லாப் பழகிட்டாய்,” என்றார் அம்மா.